கடைசி ஆளின் மார்க்

பம்மல் என்றதும் படித்தவர்களுக்குச் சம்பந்த முதலியார் ஞாபகம் வருவார். சினிமா ரசிகர்களுக்கு 2002ல் வந்த கமல ஹாசன் படம் ஞாபகம் வரும். பல்லாவரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மூக்கின் வழியாகத் தோல் பதனிடும் தொழில் ஞாபகம் வரும். ஆனால் பிளஸ் டூ பரீட்சையின் முடிவு வெளியாகும் மே மாதத்திலிருந்து ஆகஸ்டுக் கடைசி வரையில் எங்கள் ஊர் வேறொரு காரணத்துக்காகப் பெயர் பெற்றிருக்க வேண்டியது. அந்த மாதங்கள் முழுவதும் இங்கே குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் ஜோசியர்களாகி விடுகிறார்கள்.

கிளி ஜோசியம் அல்ல, கைரேகை ஜோசியம் அல்ல, கட்-ஆஃப் ஜோசியம். தலைவலி மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போனால், கடைக்காரர் சில்லறையை எண்ணிக்கொண்டே, "இந்த வருஷம் இ.சி.இ. ஒண்ணரை மார்க் ஏறும் சார்" என்கிறார். முடி வெட்டிக்கொள்ளப் போனால், "சிவில் இறங்கிடும்னு பேசிக்கிறாங்க" என்று கத்தரிக்கோலை அந்தரத்தில் நிறுத்திச் சொல்கிறார் அந்த நண்பர். நாளைக்கு மழை வருமா என்று இவர்களைக் கேட்டுப் பாருங்கள், "யார் கண்டது?" என்பார்கள். இரண்டு லட்சம் பிள்ளைகள் ஆகஸ்டு மாதத்தில் என்ன நினைப்பார்கள் என்பதை மட்டும் அரை மார்க் துல்லியத்துடன் சொல்லுவார்கள்.

இந்த ஹேஷ்யம் தமிழ்நாடு முழுவதும் பரவியிருக்கிற ஒன்றுதான். ஆனால் எங்களுக்கு அதில் ஒரு விசேஷப் பாத்தியதை உண்டு. பம்மலிலிருந்து நாகல்கேணி வழியாகச் சைக்கிளை மிதித்தால் அரை மணியில் குரோம்பேட்டை. அங்கேதான் 1949ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. இருக்கிறது. 1978ல் அது அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. தினமும் அந்த வாசலைக் கடந்து டியூஷனுக்குப் போகும் பிள்ளைக்கு அது வெறும் கட்டடம் அல்ல. உள்ளே நுழைய எவ்வளவு மார்க் வேண்டும் என்பது வெறும் வம்பும் அல்ல.

விஷயம் தெரியாதவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் வாங்கிய மார்க் நூற்றுக்கு எவ்வளவோ அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மூன்றையும் கூட்டினால் 200க்கு ஒரு எண் வரும். கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 86 என்றால், 92ம் 44ம் 43ம் சேர்ந்து 179. இதுதான் அந்தப் பிள்ளையின் கட்-ஆஃப் மதிப்பெண். 1984 முதல் இதோடு நுழைவுத் தேர்வு என்று ஒன்றும் இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பணம் கட்டிப் பயிற்சி பெற முடியாதவர்களுக்கும் அது பாதகமாக இருக்கிறது என்று 2006ல் சட்டம் செய்து, 2007ஆம் வருஷச் சேர்க்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்று முதல் பள்ளிக்கூட மார்க்தான் எல்லாம்.

இது வரையில் குழப்பம் இல்லை. குழப்பம் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், பிள்ளையின் மார்க்குக்கும் கட்-ஆஃப் என்று பெயர், கல்லூரியின் எல்லைக்கும் அதே பெயர். "உன் கட்-ஆஃப் என்ன?" "179." "அந்தக் காலேஜின் கட்-ஆஃப் என்ன?" "181." இந்த இரண்டாவது பதிலைக் கேட்டதும் ஜனங்கள் என்ன நினைத்துக்கொள்கிறார்கள்? யாரோ ஒரு பெரிய அதிகாரி மேஜை முன் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "181க்குக் கீழே உள்ளவர்கள் உள்ளே வரக்கூடாது" என்று கோடு கிழித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படி ஒரு அதிகாரி கிடையாது. அப்படி ஒரு மேஜையும் கிடையாது.

பல்லாவரத்தில் காலை எட்டரை மணி பஸ்ஸுக்கு நிற்கிறோம். பஸ் வருகிறது, ஜனங்கள் முண்டி ஏறுகிறார்கள். பதினான்காவதாக நின்றவர் படியில் ஒரு காலை வைத்ததும் பஸ் கிளம்பிவிடுகிறது. மறுநாள் ஒருவர் வந்து, "இந்தப் பஸ்ஸில் ஏறுவதற்குப் பதினான்காவது ஆளாகவாவது நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது" என்று சொன்னால் சிரிக்க மாட்டோமா? நேற்று உள்ளே எவ்வளவு கூட்டம் இருந்தது, எத்தனை பேர் வேறு பஸ்ஸுக்குப் போனார்கள், எத்தனை பேர் ஷேர் ஆட்டோ பிடித்தார்கள் என்பதைப் பொறுத்து விளைந்தது அந்தப் பதினான்கு. கல்லூரியின் கட்-ஆஃபும் அவ்வளவுதான். சென்ற வருஷம் அந்தப் பாடத்தில், அந்த வகுப்பினருக்கு உரிய இடங்களில், கடைசியாக ஏறிய ஆளின் மார்க் அது.

கோடு ஒன்றா என்றால் அதுவும் இல்லை. பொதுப் பிரிவு, பிற்படுத்தப்பட்டோர், முஸ்லிம் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர் என்று ஏழு வரிசை. 2021ல் வந்த சட்டத்தின்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடங்கள் தனியாக உண்டு. அதற்குத் தனி வரிசைகள். கல்லூரிகளோ நானூற்றுக்கு மேல். ஒரு கல்லூரிக்கு ஐந்தே பாடம் என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், ஏழு வரிசைக்குப் பதினாலாயிரம் கோடுகள் ஆகின்றன. இந்தப் பதினாலாயிரம் கோடுகளையும் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளே தங்களுக்குத் தெரியாமல் கிழிக்கிறார்கள்.

எம்.ஐ.டி.யைப் பற்றிச் சொன்னதால் அங்கே படித்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் முடித்துவிட்டு, விமானப் படையில் சேரும் ஆசையோடு டேராடூனுக்குப் போனார். 25 பேரைப் பரீட்சித்து 8 பேரை எடுத்துக்கொண்டார்கள். கலாம் ஒன்பதாவது. இதை அவரே 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட விழாக்களில் இந்தக் கதையைச் சொல்லி, தோல்விதான் வெற்றிக்கு முதல் படி என்று முடிப்பது வழக்கம். ஒன்பதாவதாக வருகிறவர்கள் எல்லாரும் ஜனாதிபதி ஆவதில்லை; ஆகையால் நான் அப்படி முடிக்கப் போவதில்லை. எனக்கு அந்தக் கதையில் தெரிவது வேறு. அன்று எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் கோடு விழுந்ததற்குக் காரணம், விமானப் படையில் எட்டு நாற்காலி காலியாக இருந்ததுதான். கோடு நாற்காலியை அளந்தது, மனிதரை அளக்கவில்லை.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பெயரைப் போட்டால் அவர் வாசலில் கூட்டம் தாங்காது என்பதால் வாத்தியார் என்றே சொல்லுகிறேன். கட்-ஆஃப் ஹேஷ்யத்தில் அவரை மிஞ்சியவர் இந்த வட்டாரத்தில் இல்லை. காலிகோ அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டுகள் வருஷத்துக்கு ஒன்றாக அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார். இடது பக்கத்தில் ஜூலை மாதம் தாம் ஊகித்த எண்ணை நீல மசியில் எழுதுவார். ஆகஸ்டு கழிந்ததும் வலது பக்கத்தில் நடந்த எண்ணைச் சிவப்பு மசியில் எழுதுவார். தவறிய ஹேஷ்யத்தை எழுதி வைக்கிற ஜோசியரை என் ஆயுளில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

"சார், மார்க்கைப் பார்க்கிறவன் முட்டாள், ராங்கைப் பார்க்கணும்" என்பது அவருடைய முதல் சூத்திரம்.

அதற்கு அவர் காட்டும் உதாரணம் இது. 200க்கு 200 வாங்கியவர்கள் 2023ல் 102 பேர். 2024ல் 65 பேர். 2025ல் 144 பேர். பிள்ளைகளின் புத்தி ஒரு வருஷத்தில் பாதியாகி மறு வருஷத்தில் இரட்டிப்பாவதில்லை. கேள்வித்தாள் கொஞ்சம் இளகினால் எல்லாரும் மேலே போகிறார்கள், இறுகினால் எல்லாரும் கீழே வருகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே போன வருஷத்து 190ம் இந்த வருஷத்து 190ம் ஒன்றல்ல. போன வருஷம் அந்தப் பாடத்தில் கடைசி ஆளின் மார்க் என்ன என்று கேட்காமல், தரவரிசைப் பட்டியலில் அவன் எத்தனையாவது ஆள் என்று பார்க்க வேண்டும். இந்த வருஷத்துப் பட்டியல் வந்ததும் அந்த இடத்தில் நிற்கிறவனின் மார்க் எவ்வளவு என்று பார்த்தால் உத்தேசம் கிடைத்துவிடும். இரண்டு வருஷத்து ரூபாய்களை ஒப்பிடாமல் அவற்றுக்கு எத்தனை படி அரிசி கிடைத்தது என்று ஒப்பிடுகிற மாதிரி.

"2021ல் என்ன செய்தீர்கள்?" என்று ஒரு தடவை கேட்டேன். கொரோனாவினால் பரீட்சையே நடக்காத வருஷம் அது. பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து பாதி, பதினோராம் வகுப்பிலிருந்து நூற்றுக்கு இருபது, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் உள்மதிப்பீட்டுக்கும் முப்பது என்று கூட்டிப் போட்டார்கள்.

வாத்தியார் அந்த வருஷத்து நோட்டைப் பிரித்துக் காட்டினார். இடது பக்கம் காலியாக இருந்தது. "அந்த வருஷம் வாயைத் திறக்கலே" என்றார். ஜோசியத்தில் இதுவும் ஒரு பெரிய வித்தை.

ராங்கைப் பிடித்துக்கொண்டாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. இந்த வருஷம் எந்தக் கல்லூரியில் இடம் கூட்டினார்கள், எதில் மூடினார்கள். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல் என்று புதுப் பெயரில் வந்த பாடங்கள் பழைய பாடங்களிலிருந்து எத்தனை பேரை இழுக்கும். மேலே உள்ளவர்களில் எத்தனை பேர் டாக்டர் படிப்புக்கும் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கும் போய்விடுவார்கள், இவ்வளவையும் அவர் பார்க்கிறார். கடைசியில், "181லிருந்து 184க்குள்" என்கிறார். வந்தவர் முகம் சுருங்கிவிடும். "கரெக்டா ஒண்ணு சொல்லுங்க சார்" என்று கெஞ்சுவார். "கரெக்டா வேணும்னா மருந்துக் கடைக்குப் போங்க" என்பார் வாத்தியார்.

மூன்று மார்க் வித்தியாசம் என்ன பெரிய வித்தியாசம் என்று எண்ணிவிடாதீர்கள். 80 சொச்சத்திலிருந்து 200 வரைக்கும் அரை அரை மார்க்காக ஏறினால் ஏறக்குறைய 240 படிகள். 2025ஆம் வருஷத் தரவரிசைப் பட்டியலில் இருந்தவர்கள் 2 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல். சராசரியாகப் பார்த்தால் ஒரு படியில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள்! ஒரே படியில் நிற்கிறவர்களை எப்படி வரிசைப்படுத்துவது? கணித மார்க்கைப் பார்க்கிறார்கள். அதுவும் சமமானால் இயற்பியல். அப்படியே வேறு மார்க்குகளையும் பார்த்துக்கொண்டு போய், பிறந்த தேதிக்கு வருகிறார்கள். வயதில் மூத்தவர் முந்துவார். பிறந்த நாளும் ஒன்றானால், கம்ப்யூட்டர் ஏற்கனவே குலுக்கிப் போட்டுக் கொடுத்த பத்து இலக்கச் சமவாய்ப்பு எண். "இரண்டு நாள் முன்னாடி பிறந்திருக்கக் கூடாதா?" என்று ஒரு தாயார் தன் பிள்ளையைக் கடிந்துகொண்டதாக வாத்தியார் சொல்லுவார். அந்த விஷயத்தில் பிள்ளையைக் கோபித்துக்கொள்ள அந்த அம்மாளுக்கு என்ன நியாயம் இருந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

நம் ஊரில்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் சிநேகிதர் ஒருவரின் பேத்தி அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூடி ஓர் இயந்திர மனிதனைச் செய்து பந்தயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். டீன் கேமன் என்பவர் 1989ல் ஏற்படுத்திய 'ஃபர்ஸ்ட்' என்ற ஸ்தாபனம் நடத்துகிற பந்தயம் அது. 1992ல் ஒரு பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் 28 குழுக்களோடு ஆரம்பித்தது. இப்போது உலகம் எங்கும் ஆயிரக்கணக்கான குழுக்கள். ஜனவரியில் அந்த வருஷத்து விளையாட்டு என்ன என்று அறிவிப்பார்கள். மார்ச்சு, ஏப்ரலில் களத்தில் மூன்று குழுக்கள் ஒரு கட்சி, மூன்று குழுக்கள் எதிர்க் கட்சியாக இயந்திரங்களை மோதவிடுவார்கள்.

அந்தப் பெண் சென்ற முறை பேசியபோது, "தாத்தா, எங்களுக்கு இன்னும் பத்துப் புள்ளி இருந்தால் சாம்பியன்ஷிப்புக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பம்மல் டீக்கடையில் கேட்ட பேச்சு அல்லவா இது?

விசாரித்தேன். 2009ல் மிச்சிகனில் இந்த முறையைக் கொண்டுவந்தார்களாம். ஒரு குழு முதல் இரண்டு போட்டிகளில் எடுக்கும் புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்துகிறார்கள். அடுத்த கட்டத்துக்கு இத்தனை குழுக்கள் என்று முதலிலேயே எண்ணிக்கை உண்டு. ஆனால் சில பரிசுகளை வாங்கியவர்கள் புள்ளி குறைவாக இருந்தாலும் உள்ளே போய்விடுவார்கள். போக்குவரத்துச் செலவுக்கு வழியில்லாமல் சில குழுக்கள் வர மறுத்துவிடும். உடனே கீழே நிற்கிறவர்களுக்கு அழைப்புப் போகும். ஆகவே எத்தனையாவது புள்ளியில் கோடு விழும் என்று பந்தயத்தை நடத்துகிறவர்களுக்கே தெரியாது. பிள்ளைகள் மீதமுள்ள பருவம் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஆயிரம் தடவை பொய்யாக ஆடவிட்டு, ஆயிரத்தில் எத்தனை தடவை தாங்கள் உள்ளே போகிறோம் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எங்கள் வாத்தியார் மட்டும் அங்கே பிறந்திருந்தால் பெரிய உத்தியோகத்தில் இருந்திருப்பார்.

ஆனால் அந்தப் பெண்ணின் குரலில் பயம் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. பத்துப் புள்ளி குறைகிறது என்று தெரிந்தால் அவர்கள் அடுத்த வாரத்துக்குள் இயந்திரத்தின் கையை நீட்டலாம், சக்கரத்தை மாற்றலாம். ஹேஷ்யம் அவர்களுக்கு வேலை கொடுக்கிறது. இந்த வருஷம் தவறினாலும் அடுத்த ஜனவரியில் வேறு விளையாட்டு வரும். நம் பிள்ளைகளுக்கு ஹேஷ்யம் காதில் விழும்போது பரீட்சை முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். மார்க்கில் ஒரு அரையைக்கூட இனிக் கூட்ட முடியாது. செய்வதற்கு ஒன்றும் இல்லாதவன் காதில் விழும் ஜோசியம் பயத்தைத் தவிர வேறு எதைக் கொடுக்கும்?

செய்வதற்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. அது விருப்பப் பட்டியல். அங்கேதான் இந்த ஜோசியம் நிஜமாகவே தீங்கு செய்கிறது.

2018க்கு முன்னால் கலந்தாய்வு என்றால் கிண்டிக்குப் போக வேண்டும். தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தகப்பனும் பிள்ளையும் ராத்திரி ரயிலில் வந்து, அண்ணா பல்கலைக்கழகத்து மரத்தடியில் சோற்று மூட்டையைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். முறை வந்ததும் உள்ளே போனால் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் தெரியும். இருப்பதில் ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டு வர வேண்டியதுதான். சிரமம் அதிகம், ஆனால் ஊகிக்க அவசியம் இல்லை. 2018லிருந்து எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. வீட்டிலிருந்தோ சேவை மையத்திலிருந்தோ, வேண்டிய கல்லூரிகளை வேண்டிய வரிசையில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கண்ணால் மிச்சத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த காலம் போய், கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற காலம் வந்தது. ஜோசியர்களுக்கும் காலம் வந்தது.

சென்ற ஜூலையில் ஒரு நாள் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் மேஸ்திரியாக இருப்பவர் தம் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். பெண்ணுக்குக் கணிதத்தில் 93, இயற்பியலில் 89, வேதியியலில் 90, ஆக 182.5. அவளுக்கு ஒரு கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. அந்தக் கல்லூரியில் அவர்கள் வகுப்பினருக்குப் போன வருஷம் கோடு விழுந்தது 184ல். இந்த வருஷம் 185க்கு ஏறும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் கையில் இருந்த காகிதத்தில் பன்னிரண்டு கல்லூரிகளின் பெயர் இருந்தது. பெண் ஆசைப்பட்ட கல்லூரி அதில் இல்லை.

"கிடைக்காததை எதுக்கு சார் எழுதணும்? அதை மேலே எழுதினா கிடைக்கிறதும் கைவிட்டுப் போயிடும்னு சொல்றாங்க" என்றார் அந்த மனிதர். பெண் ஒன்றும் பேசவில்லை. காலின் பெருவிரலால் தரையில் ஏதோ கோலம் போட்டுக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் எழுந்து உள்ளே போய் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொண்டுவந்தார். திண்ணையில் ஐந்து குழி மாதிரிச் சாக்குக் கட்டியால் வட்டம் போட்டார். "இது காலேஜ். ஒவ்வொண்ணிலும் ரெண்டு சீட்டு. மிஷின் என்ன பண்ணும்? முதல் ராங்க்காரனைக் கூப்பிடும். அவன் பட்டியல்லே முதல்லே இருக்கிறது காலியா? காலி. கொடுத்துடும். அப்புறம் ரெண்டாவது ஆள். இப்படியே உன் முறை வரும். உன் பட்டியல்லே முதல் பேரைப் பார்க்கும். அது நிரம்பிப் போச்சுன்னா உனக்கு என்ன அபராதம்? ஒண்ணும் கிடையாது. உடனே அதே நிமிஷம் ரெண்டாவது பேரைப் பார்க்கும். உனக்குப் பின்னாடி நிக்கிறவன் அதுக்குள்ளே உள்ளே வந்துட முடியாது. பேராசைன்னு மிஷின் கோவிச்சுக்காதும்மா. மேலே பத்து ஆசை எழுதினாலும் கீழே உள்ளது அப்படியேதான் இருக்கும்."

அந்தப் பெண் புளியங்கொட்டைகளை எடுத்து இரண்டு மூன்று தடவை வைத்து வைத்துப் பார்த்தாள். பிறகு தகப்பனாரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காகிதத்தின் தலைப்பில் அந்தக் கல்லூரியின் பெயரை எழுதினாள்.

"அப்போ இந்த ஜோசியமெல்லாம் எதுக்கு சார்?" என்று மேஸ்திரி கேட்டார். என் மனத்தில் இருந்த கேள்வியும் அதுதான்.

"வரிசையை எப்படி வைக்கணும்னு சொல்ல அதுக்கு யோக்கியதை இல்லே. பட்டியல் எவ்வளவு நீளம் போகணும்னு மட்டும்தான் அது சொல்லும். 184 வரைக்கும்தான் ஏறும்னு நான் நினைச்சா 175லே முடிகிற காலேஜ் வரைக்கும் எழுதச் சொல்லுவேன். என் கணக்குத் தப்பினாலும் பிள்ளை தெருவிலே நிக்கக் கூடாது பாருங்க. பன்னிரண்டு போதாது. நாற்பது எழுது. எத்தனை வேணும்னாலும் எழுத இடம் கொடுத்திருக்கான்."

இதை அவர் ஏன் இவ்வளவு அழுத்திச் சொன்னார் என்பது அவர்கள் போன பிறகு தெரிந்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் இதே தெருப் பையன் ஒருவன், "உனக்கு அது எட்டாது" என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு, தான் விரும்பிய பாடத்தைப் பட்டியலிலிருந்து அடியோடு எடுத்துவிட்டான். அந்த வருஷம் எல்லாருக்கும் அதே ஜோசியத்தைத்தான் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். அவனைப் போல் பல பேர் பயந்து ஒதுங்கினார்கள் போலும். கோடு அவன் மார்க்குக்கும் ஒரு மார்க் கீழே வந்து விழுந்தது. அந்த இடத்தில் இப்போது அவனைவிடக் குறைந்த மார்க்கும் அவனைவிட அதிகத் தைரியமும் உள்ள ஒரு பிள்ளை உட்கார்ந்து படித்து வெளியே போயிருப்பான். பையன் வேறு ஏதோ படித்து நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அவன் தெருவில் எதிர்ப்பட்டால் வாத்தியார் அந்த வருஷத்து நோட்டைப் பற்றி மட்டும் பேச்சு எடுப்பதில்லை.

இங்கேதான் கட்-ஆஃப் ஜோசியம் மற்ற ஜோசியங்களிலிருந்து வேறுபடுகிறது. நுங்கம்பாக்கத்தில் வானிலைக்காரர்கள் அறிக்கை வெளியிடுகிறார்கள். மழை அதைப் படித்துவிட்டுப் பெய்வதில்லை. ஆனால் பிள்ளைகள் ஹேஷ்யத்தைப் படித்துவிட்டுப் பட்டியல் எழுதுகிறார்கள். "கம்ப்யூட்டர் ஏறும்" என்று நூறு பேர் சொன்னால், "அப்படியானால் அதில் ஏதோ இருக்கிறது" என்று ஆயிரம் பேர் அதையே முதலில் எழுதுகிறார்கள், அது ஏறிவிடுகிறது. "மெக்கானிக்கல் இறங்கும்" என்றால் கைவிடுகிறார்கள், இறங்கிவிடுகிறது. பலித்துவிட்டது என்று ஜோசியர் மீசையை முறுக்குகிறார். அடுத்த வருஷம் அந்த எண்ணே கல்லூரியின் தகுதிக்கு அத்தாட்சி ஆகிவிடுகிறது. நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்களா, ஆய்வுக்கூடத்துச் சாமான்கள் வேலை செய்கின்றனவா என்பதை அந்த எண் ஒரு நாளும் பார்த்ததில்லை. கூட்டம் எங்கே என்பதை மட்டும் பார்த்தது. கூட்டம் நிற்கிற ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருக்கக்கூடும். பக்கத்து ஓட்டல்காரருக்குச் சமைக்கத் தெரியாது என்று அதிலிருந்து சொல்ல முடியுமா?

அந்தப் பெண்ணின் விஷயம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் நாற்பத்தொரு பெயர் எழுதினாள். அவள் விரும்பிய கல்லூரியில் கோடு 185க்கு ஏறவில்லை. 184லிருந்து இறங்கி 183ல் விழுந்தது. அவளுக்கு அரை மார்க் போதவில்லை. இரண்டாவதாக எழுதிய கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸே கிடைத்தது. தகப்பனார் கொண்டுவந்த பன்னிரண்டில் அந்தக் கல்லூரியும் இல்லை. அதையும் எட்டாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

மேஸ்திரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாத்தியாரைப் பார்க்க வந்தார். "அரை மார்க்கிலே போச்சே சார்" என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு பெண் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறாள், எந்தப் பஸ், எவ்வளவு ஃபீஸ் என்று பேச ஆரம்பித்துவிட்டார். வாத்தியார் நோட்டை எடுத்து, நீல மசியில் இருந்த 184க்கு எதிரே சிவப்பில் 183 என்று எழுதினார். ஒரு மார்க் தவறு. அதற்கு அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

நான் அந்த 183ஐப் பற்றி யோசித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். அந்த மார்க்கோடு கடைசியாக உள்ளே போன ஒரு பிள்ளை எங்கேயோ இருக்கிறது. அது ஆணா பெண்ணா, திருவண்ணாமலைப் பக்கமா தேனிப் பக்கமா, தெரியாது. இயற்பியலில் ஒரு கணக்கைக் கடைசி நிமிஷத்தில் அடித்துவிட்டுத் திருத்தி எழுதியிருக்கும். தனக்குக் கிடைக்காது என்று நாலு பேர் சொல்லியும் அந்தப் பெயரைப் பட்டியலில் எழுதியிருக்கும். இப்போது வகுப்பில் எல்லாரையும்விடத் தான் மட்டம் என்று நினைத்துக்கொண்டு பின் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அடுத்த மே மாதத்தில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பிள்ளையின் மார்க்கைப் பெரிய விதி என்று நினைத்துக்கொண்டு, பெண்ணையும் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பயந்துகொண்டிருக்கப் போகிறார்கள். அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.